பேய் வெர்சஸ் சாக்லேட்: 51 கிலோ யுத்தம்!

‘சச்சினா, பிராட்மேனா?’

இந்தக் கேள்வி ஓடாத காலேஜ் கேன்டீன் உண்டா? ஒரு டீயை மூணு பேர் பங்கு போட்டுக்கிட்டு, அம்பது வருஷ இடைவெளியில ஆடின ரெண்டு பேரை ஒரே பிட்ச்சுல இறக்கி விடுறது நமக்குக் கைவந்த கலை. டீ ஆறிடும். அடுத்த பீரியடும் போயிடும். முடிவு மட்டும் வரவே வராது!

பாக்ஸிங்லயும் இந்த விளையாட்டு உண்டு மக்களே. ஆனா, அங்கேயும் எல்லோரும் மோத விடுறது அலி, டைசன்னு நூறு கிலோ ஆசாமிகளைத்தான். நாம அந்தப் பக்கமே போகப் போறதில்லை. உங்க கிளாஸ்லயே ஒருத்தர் இருப்பார் பாருங்க... ‘ஃபேனைப் போடாதீங்கடா, இவன் பறந்துடுவான்’னு எல்லோரும் ஓட்டுற ஆள். ஹாஸ்டல் மெஸ்ஸுல எத்தனை தோசை உள்ளே போனாலும் அம்பது கிலோவைத் தாண்டாத உடம்பு. அது நீங்களாகவேகூட இருக்கலாம். அப்படின்னா, இது உங்களுக்கான மேட்ச் பாஸ்!

பாக்ஸிங்கில் ‘ஃப்ளைவெயிட்’ என்று ஒரு பிரிவு. ஃப்ளை என்றால் ஈ. எடை 112 பவுண்டைத் தாண்டக் கூடாது. நம்ம கணக்கில் சுமார் 50.8 கிலோ. இந்த ஈக்களின் வரலாற்றில் இருந்து ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒருத்தர், வேல்ஸ் நாட்டின் ஜிம்மி வைல்ட். 1916-ல் உலக சாம்பியன். இன்னொருத்தர், நிகராகுவா நாட்டின் ரோமன் கொன்சாலஸ். 2014-ல் அதே பிரிவில் உலக சாம்பியன். நடுவில் கிட்டத்தட்ட நூறு வருஷம். நிஜத்தில் சந்திக்கவே முடியாத ஜோடி.

சந்திக்க வெச்சிருவோமா?

நீல மூலையில்... பேய்!

‘கையில் சுத்தியலோடு வந்த பேய்’. ஜிம்மி வைல்டுக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் இது. போட்டோவைப் பார்த்தால் நம்பவே மாட்டீங்க. வெளிறிப்போன முகம், குச்சிக் கை, குச்சிக் கால், எண்ணிப் பார்க்கிற மாதிரி விலா எலும்பு. பாக்ஸர் என்று சொன்னால், ‘யாருக்கு சார் அடிபட்டுச்சு?’ என்று கேட்கத் தோன்றும்.

1892-ல் பிறந்தவர். வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில், டைலர்ஸ்டவுன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் வளர்ந்தவர். சின்ன வயசிலேயே சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். மற்றவர்கள் நுழைய முடியாத இடுக்குகளில் இவர் புகுந்துவிடுவார். படுத்த வாக்கில், ஒருக்களித்தபடி கரி வெட்டி வெட்டித்தான் அந்தக் குச்சிக் கைகளுக்கு அவ்வளவு வலு வந்தது என்பார்கள்.

அடுத்து திருவிழா கூடாரங்கள். ‘எங்க ஆளோட மோதி நின்னு காட்டு, காசு வாங்கிட்டுப் போ!’ என்று கூட்டத்தைப் பார்த்து சவால் விடுவார்கள். மேடையில் நிற்பவரோ நம்ம நோஞ்சான் ஜிம்மி. இரும்படிக்கிறவர், சுமை தூக்குகிறவர் எல்லாம் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். இறக்கித்தான் கொண்டு போவார்கள்! ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைச் சாய்த்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. கதையை விடுங்க... பதிவான போட்டிகளில் அவர் செய்த நாக்-அவுட் மட்டுமே நூறை ஒட்டி வருகிறது.

ஸ்டைல்? கோச்சுகள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். முகத்தை மறைக்க வேண்டிய கைகள் இடுப்புப் பக்கம் தொங்கும். தலை மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எதிராளி குத்துவார், அங்கே தலை இருக்காது. அவர் நிலைகுலைந்து முன்னால் சாயும் அந்த அரை நொடியில், கீழேயிருந்து ஒரு குத்து கிளம்பி வரும். வருகிற ஆளின் வேகத்தையே தன் குத்தோடு சேர்த்துக்கொள்கிற டைமிங். நாற்பத்தைந்து கிலோ மனிதர் அறுபது கிலோ மனிதரைச் சாய்த்த சூட்சுமம் அதுதான்.

1916 டிசம்பரில், லண்டனில் அமெரிக்காவின் யங் ஸூலு கிட்டை 11-வது ரவுண்டில் வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். 1918-ல் செல்சீ கால்பந்து மைதானத்தில், தன்னைவிடப் பல கிலோ கூடுதலான ஜோ கான் என்பவரை 12 ரவுண்டில் முடித்தார். அப்போது வைல்ட் ராணுவத்தில் இருந்தார். பரிசுப் பணம் வாங்கக் கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் மனைவி கையில் வைரங்களைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எப்படி ஐடியா!

சிவப்பு மூலையில்... சாக்லேட்!

ரோமன் கொன்சாலஸ், 1987-ல் நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் பிறந்தவர். பட்டப்பெயர் ‘சாக்லேட்டிட்டோ’. ஸ்பானிய மொழியில் குட்டி சாக்லேட்! பெயரில்தான் இனிப்பு. ரிங்குக்குள் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர், மூன்று எடைப் பிரிவுகளில் உலக சாம்பியனான அந்த நாட்டின் மாவீரர் அலெக்சிஸ் அர்குவெய்யோ. சிஷ்யன் குருவையே ஒரு படி தாண்டினார். 2008-ல் 105 பவுண்டு, 2010-ல் 108, 2014-ல் 112, 2016-ல் 115 என்று நான்கு பிரிவுகளில் பட்டம். நிகராகுவாவில் அதற்கு முன் யாரும் செய்யாதது. அந்த நான்காவது பட்டத்தை வாங்கியபோது அவர் கணக்கு: 46 போட்டி, 46 வெற்றி, அதில் 38 நாக்-அவுட்!

இவர் ஸ்டைல் வைல்டுக்கு நேர் எதிர். பேய் பின்னால் நகர்ந்து பொறி வைக்கும். சாக்லேட் முன்னால் வந்து கதவைத் தட்டும். தட்டிக்கொண்டே இருக்கும்! ஒரு குத்து, ரெண்டு குத்து என்று நிறுத்துகிற பழக்கமே கிடையாது. நாலு, அஞ்சு, ஆறு என்று சரம் சரமாக வரும். முகத்துக்கு ரெண்டு, விலாவுக்கு ரெண்டு, மறுபடி முகத்துக்கு. இத்தனைக்கும் நடுவில் கால்கள் சும்மா இருக்காது. குத்திவிட்டு அரை அடி பக்கவாட்டில் நகர்ந்திருப்பார். எதிராளி திருப்பிக் குத்தும்போது ஆள் வேறு கோணத்தில் நிற்பார்.

அந்த வேகத்துக்கு ஒரு சாம்பிள். 2021-ல் டல்லாஸில் மெக்ஸிகோவின் ஹுவான் ஃபிரான்சிஸ்கோ எஸ்ட்ராடாவோடு மோதினார். 12 ரவுண்டு, மொத்தம் 36 நிமிஷம். ரெண்டு பேருமாகச் சேர்ந்து வீசிய குத்துகள் 2,529. அதில் நம்மாள் பங்கு 1,317. அப்போது அவர் வயசு 33!

தோல்விகள் சொல்லும் ரகசியம்

ஜெயித்ததை வைத்து ஒரு வீரரை முழுசாக எடை போட முடியாது. தோற்றதைப் பார்க்க வேண்டும். அங்கேதான் இந்த ரெண்டு பேருக்கும் ஒரு ஆச்சரியமான ஒற்றுமை.

வைல்ட் முழுசாக அடிபட்டு நின்றது மூன்றே போட்டிகளில். முதலாவது 1915 ஜனவரியில். காய்ச்சலோடு ரிங் ஏறி, தன்னைவிட எடை கூடிய ஸ்காட்லாந்தின் டான்சி லீயிடம் 17-வது ரவுண்டில் வீழ்ந்தார். (அடுத்த வருஷமே லீயை 11-வது ரவுண்டில் சாய்த்துக் கணக்குத் தீர்த்தார்.) ரெண்டாவது, 1921 ஜனவரியில் பீட் ஹெர்மனிடம். ஹெர்மன் ஒரு படி மேலே, பேன்டம்வெயிட் பிரிவில் சாம்பியனாக இருந்தவர். எடை பார்ப்பதில் தகராறு. வைல்ட் முதலில் ரிங்குக்கு வரவே மறுத்தார் என்றும், பிரிட்டிஷ் இளவரசர் அரங்கில் காத்திருந்ததால்தான் வந்தார் என்றும் சொல்வார்கள். அதுவும் 17-வது ரவுண்டு வரை போய் நிறுத்தப்பட்டது.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். 1923 ஜூன் 18, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். எதிரில் பிலிப்பைன்ஸின் பாஞ்சோ வில்லா, வயசு 21. வைல்டுக்கு 31. இரண்டரை வருஷமாக ரிங் பக்கமே போகாதவர். வில்லா விடாமல் மேலே வந்து சரமாரியாகக் குத்துகிற ரகம். ஏழாவது ரவுண்டில் பேய் சாய்ந்தது. அதன் பிறகு வைல்ட் போட்டிக்கே வரவில்லை.

இப்போ கொன்சாலஸ். 2017-ல் தாய்லாந்தின் ஸ்ரீசாகெட் சோர் ரங்விசாயிடம் ரெண்டு தோல்வி. முதல் போட்டியில் முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்து எழுந்தார். அந்தத் தீர்ப்பு சரியில்லை என்று பலர் சண்டை போட்டார்கள். ஆனால் ரெண்டாவது போட்டியில், நாலாவது ரவுண்டில் நாக்-அவுட். சந்தேகத்துக்கே இடமில்லை. அப்புறம் எஸ்ட்ராடாவிடம் 2021, 2022-ல் ரெண்டு தோல்வி. ரெண்டிலும் நடுவர்கள் ஒருமித்துத் தீர்ப்பு சொல்லவில்லை.

கவனிச்சீங்களா? இந்த நாலு தோல்வியும் 115 பவுண்டு பிரிவில். 112-ல் அவரை யாரும் ஜெயித்ததில்லை. அதே எஸ்ட்ராடாவை 2012-ல் 108 பவுண்டில் சந்தித்தபோது, மூன்று நடுவர்களும் கொன்சாலஸ் பக்கம்தான் கை காட்டினார்கள். இடையில் கூடியது மூணே கால் கிலோ. ஒரு தர்பூசணி எடை. ஆனா, ஈக்களின் உலகத்தில் அது ஒரு மலை!

ஆக, ரெண்டு பேரையும் வீழ்த்தியதில் எதிராளியின் கைக்குப் பாதிப் பங்கு என்றால், மீதிப் பங்கு தராசு முள்ளுக்கு.

எந்த ரூல்ஸ் பாஸ்?

இனிமேல்தான் சிக்கல். எந்தக் காலத்து விதிப்படி மோத விடுவது? இங்கே விதியை எழுதுகிறவர் கையில்தான் பாதி ரிசல்ட் இருக்கிறது.

வைல்ட் காலத்து பிரிட்டனில் பெரிய போட்டி என்றால் 20 ரவுண்டு. லேசான கையுறை. ஒரே ரெஃப்ரி, அவர் சொல்வதுதான் தீர்ப்பு. லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் அந்த ரெஃப்ரிகூட ரிங்குக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். ரவுண்டு நடக்கும்போது கூட்டம் கத்தக் கூடாது! எடை பார்ப்பது போட்டி நாள் அன்றே.

இன்றைக்கு 12 ரவுண்டு, 8 அவுன்ஸ் கையுறை, மூன்று நடுவர்கள். எடை பார்ப்பது முந்தின நாள். இந்தக் கடைசி விஷயம்தான் வில்லங்கம். உடம்பில் உள்ள தண்ணீரை வற்ற வைத்து தராசில் 112 காட்டிவிட்டு, ராத்திரிக்குள் சாப்பிட்டுக் குடித்து, மறுநாள் சில கிலோ கூடுதலோடு ரிங் ஏறலாம். உடம்புக்கு ஆபத்தான விளையாட்டு. ஆனால் ஊரே ஆடுகிறது.

வைல்டுக்கு அந்தப் பிரச்னையே இல்லை. அவர் எடை பல போட்டிகளில் 100 பவுண்டை ஒட்டித்தான். ஷூவோடு, சாப்பிட்டுவிட்டு ஏறி நின்றாலும் 112 வராது!

சரி, நானே நாட்டாமை. ரூல்ஸ் இதுதான். எடை 112. போட்டி நாள் காலையிலேயே தராசு, அதனால் தண்ணீர் வித்தை செல்லாது. இது வைல்டுக்கு என் சலுகை. மூன்று நடுவர்கள், 8 அவுன்ஸ் கையுறை. இது கொன்சாலஸுக்கு. ரவுண்டு 12தான். 1982-ல் தென்கொரியாவின் டக் கூ கிம், 14-வது ரவுண்டில் சாய்ந்து சில நாட்களில் இறந்து போனார். அதற்குப் பிறகுதான் 15 ரவுண்டு போட்டிகள் படிப்படியாக 12 ஆயின. வெறும் கற்பனைப் போட்டிதான் என்றாலும், அந்த மூணு ரவுண்டைத் திரும்பக் கொண்டுவர எனக்கு மனசு வரலை.

வைல்ட், 1916-ம் வருஷத்து வைல்ட். கொன்சாலஸ், 2015-ம் வருஷத்து கொன்சாலஸ். ரெண்டு பேருமே உச்சத்தில்.

டிங்!

முதல் மூணு ரவுண்டு, பேய் ராஜ்ஜியம். கொன்சாலஸ் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை. கைகள் கீழே, முகம் திறந்து கிடக்கிறது. குத்தினால் அங்கே இல்லை. ரெண்டாவது ரவுண்டில் சரம் தொடுக்க உள்ளே வருகிறார். முதல் குத்து காற்றில். கீழேயிருந்து சுத்தியல் கிளம்புகிறது. சாக்லேட் தரையில்! எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிடுகிறார். ஆனா, கண்ணில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

நாலு முதல் ஆறு வரை, ஆட்டம் மெள்ளத் திரும்புகிறது. கொன்சாலஸ் தலையைத் தேடுவதை நிறுத்திவிட்டார். தலை ஆடும், குனியும், மறையும். விலா எங்கே போகும்? பாடிக்கு ரெண்டு, மூணு. வைல்ட் நகர்ந்தால் அவருக்கு முன்னால் அந்தப் பக்கம் போய் நிற்கிறார். வழியை அடைக்கும் இந்த வித்தையை 1916-ல் வைல்ட் அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

ஏழு, எட்டு, ஒன்பது... இங்கேதான் அந்த ஐந்து கிலோ வேலை செய்கிறது. ரெண்டு பேரும் கட்டிப் புரளும் ஒவ்வொரு முறையும் வைல்ட் 50 கிலோவைத் தாங்க வேண்டும். கொன்சாலஸ் தாங்குவது 45. பேய் ஒன்பதாவது ரவுண்டில் இன்னொரு சுத்தியல் இறக்குகிறது. கொன்சாலஸின் புருவம் கிழிகிறது. ஆனால் ஆள் விழவில்லை. முதல் முறையாக வைல்ட், தான் குத்தியும் நிற்கிற ஒருவரை ஆச்சரியமாகப் பார்க்கிறார்.

பத்து, பதினொன்று. சரம் நிற்கவே இல்லை. வைல்ட் பின்வாங்கத் தெரியாதவர், நின்று குத்துகிறார். அதுதான் தப்பு. பதினோராவது ரவுண்டு முடிய அரை நிமிஷம் இருக்கும்போது, வைல்டின் மூலையில் இருந்து ஒரு வெள்ளைத் துண்டு பறந்து வந்து ரிங்குக்குள் விழுகிறது. வைல்ட் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு இன்னும் குத்தப் பார்க்கிறார். ரெஃப்ரி அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிறார்.

தீர்ப்பு: சாக்லேட்டிட்டோ, 11-வது ரவுண்டு!

ஆனா, ஒரு நிமிஷம்...

‘அப்போ பழைய ஆளுங்க டம்மியா?’ன்னு யாராவது கிளம்பினா, உட்காருங்க. இன்னும் முடியலை.

இதே ரெண்டு பேரை 105 பவுண்டில் மோத விடுங்க. 2008-ல், 21 வயசில் கொன்சாலஸ் தன் முதல் உலகப் பட்டத்தை ஜெயித்த அந்த 47.6 கிலோ பிரிவில். யோகோஹாமாவில் ஜப்பானின் யுடகா நீடாவை நாலே ரவுண்டில் முடித்த வேகக்காரப் பையன்தான், மறுக்கலை. ஆனால் இப்போ வைல்ட் கொடுக்க வேண்டிய எடைச் சலுகை ரெண்டு கிலோ சொச்சம்தான். அறுபது கிலோ ஆட்களைச் சாய்த்த சுத்தியல், 47 கிலோ தாடையில் இறங்கினால் என்ன ஆகும்? எட்டு ரவுண்டு தாங்காது. நான் வெட்கமே இல்லாமல் கட்சி மாறிடுவேன். பேய்க்குத்தான் என் ஓட்டு!

ஆள் மாறலை. திறமை மாறலை. தராசு முள் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. தீர்ப்பு தலைகீழ்.

இதில் மனசைக் கொஞ்சம் உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கு. வைல்ட் காலத்தில் 112-க்குக் கீழே வேறு பிரிவே கிடையாது. 108 பவுண்டு பிரிவு தொழில்முறை பாக்ஸிங்கில் வந்தது 1975-ல். 105 வந்தது 1987-ல். வைல்ட் இறந்ததோ 1969-ல். அதாவது, அவர் உடம்புக்கு ஏற்ற பிரிவு உலகத்தில் உருவாவதற்கு முன்பே அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தனக்குப் பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொண்டு, அதிலேயே உலக சாம்பியனும் ஆனவர் அவர்.

கொன்சாலஸுக்கு அந்தச் சின்னச் சட்டைகள் கிடைத்தன. 105-ல் தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டு, வளர்ந்து, கடைசியில் பெரிய சட்டையையும் வேண்டுமென்றே எடுத்து மாட்டினார். தோற்பார் என்று தெரிந்த இடத்துக்கும் போனார்.

அதனால் என் தீர்ப்பை இப்படி எழுதிக்கோங்க. 112-ல் ஜெயிப்பது கொன்சாலஸ். ஆனால், ‘சமமான எடையில் யார் பெரியவர்?’ என்று கேட்டால், என் விரல் அந்த வெளிறிப்போன சுரங்கத்துப் பையன் பக்கம்தான் போகும்.

ஒத்துக்க மாட்டீங்களா? ரொம்ப நல்லது! கேன்டீன் திறந்துதான் இருக்கு. ஒரு டீ, மூணு கிளாஸ் சொல்லிட்டு ஆரம்பிங்க. அப்படியே அந்த ‘ஃபேனைப் போடாதீங்கடா’ நண்பரையும் கூப்பிட்டு உட்கார வைங்க. இனிமே அவரை ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

அவர் கை இடுப்புக்குக் கீழே தொங்கிட்டு இருந்தா... ரெண்டு தடவை யோசிங்க!